படிக்கட்டுக்கு அடியில் ஒரு கட்டம்

வீட்டு லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுக்க இன்று காலை நம் தொலைபேசி நிலையத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பழைய பேட்டரி அறையின் அமில நெடி. பேட்டரிகளை எடுத்துப் பல வருடம் ஆகிறதாம். சுவர் மட்டும் அதை விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நீயும் கழற்றுகிறாயா என்று திரும்பிப் பார்த்தேன்.

நம் ஊரில் முதலில் ஏசி வந்தது அந்தக் கட்டடத்துக்குத்தான். ஒன்றரை அடிச் சுவர், தூசி நுழையாதபடி இரட்டைக் கதவு, கைக்கு எட்டாத உயரத்தில் ஜன்னல். எல்லாம் இயந்திரங்களின் சௌகரியத்துக்கு. வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்க நம் இருவரையும் வேலைக்கு எடுத்தவர்களுக்கு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று தோன்றவேயில்லை. எதிரே மாவு மில்காரர் வீட்டுக்குத்தான் ஓடுவோம்.

எனக்கு அப்போது ஏழு மாதம். ஒரு நாள் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் நின்று நான் அழுததைப் பார்த்தாய். அன்று மதியம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் முன்னால் போய் நின்றாய்.

"ஏனுங்க சார், மெசினுக்கு ஏசி போட்டிருக்கறீங்க. எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தரக்கூடாதுங்களா?"

"பிளான்லயே இல்லீங்களேம்மா" என்றார் அவர்.

அந்தப் பிளான் நம் நிலைய அதிகாரியின் அறைச் சுவரில் மாட்டியிருந்தது. சாயங்காலம் எல்லோரும் போனபின் நாற்காலி போட்டு ஏறி, படிக்கட்டுக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்தாய். உள்ளே 'பெண்கள்' என்று எழுதினாய். ஆடிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டது நான்.

"இப்ப பிளான்ல இருக்குது அம்மணி" என்று சிரித்தாய்.

மறுநாள் அதிகாரி நம்மைக் கூப்பிட்டார். "யாரு வேலை இது?"

"நாந்தானுங்க."

"கூட யாரு?"

என்னைத்தான் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாற்றல் வந்தால் இந்த வயிற்றோடு எங்கே போவேன் என்பது மட்டும்தான் மனதில்.

"யாருமில்லீங்க" என்றாய்.

கோயம்புத்தூர் காந்திபுரம் போய் பஸ் மாறிப் போகிற ஊருக்கு உன்னை மாற்றினார்கள். இரண்டு வருடம். பிரசவம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, நீ வரைந்த அதே இடத்தில் கழிப்பறை கட்டியிருந்தார்கள். நீ திரும்பி வந்த அன்று சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். நீயோ படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லா வருதா அம்மணி?" என்று கேட்டாய்.

"வருது" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

ஓய்வு பெற்றபின் தினமும் காலையில் போனில் பேசினோம். மழை, முட்டி வலி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். அன்றைக்கு நானும் வாய் திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு காலையிலும் சொல்லவில்லை. நீ போனபின் அந்தப் போன் அடிப்பதேயில்லை.

இப்போது பெரிய ஹால் காலியாகக் கிடக்கிறது. மூலையில் பீரோ அளவுக்கு ஒரே ஒரு இயந்திரம். கவுண்டரில் இருந்த பெண், "நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"இது வேற பேர்ல இருந்ததுங்களே. ரெண்டு வருசம் முன்னாடியே கட் ஆயிருச்சுங்க."

உன் எண்ணைச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டு எண்ணை நான் எப்போது அழைத்தேன்? எனக்கு மனப்பாடமாக இருப்பது உன்னுடையது ஒன்றுதான்.

பையிலிருந்து பில்லை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னுடையதை ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன்.