இருபத்தொரு நாளுக்குள்

9.1.2025, வியாழன்

தீப்பெட்டி ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். வனிதா அக்காவும் பாப்பாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பாப்பா திங்கட்கிழமை பிறந்தாள். இரண்டேகால் கிலோ. கிளம்பும் நேரத்தில் காதில் ஒரு குட்டிக் கருவியை வைத்துப் பார்த்தார்களாம். இரண்டு காதும் பதில் சொல்லவில்லை. "உள்ள ஈரம் இருந்தாலும் இப்படிக் காட்டும். பொங்கல் லீவு முடிஞ்சு இருபதாம் தேதி கண்டிப்பா கொண்டாங்க" என்று காது பார்க்கும் சுதாராணி அக்கா சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். "முப்பது கழியாம பச்சப்பிள்ளய வாசல் தாண்டித் தூக்கக் கூடாது."

11.1.2025

அக்காவின் மாமியார், பெத்தம்மாள் அத்தை, வந்திருந்தார்கள்.

இதை எழுதவே கை கூசுகிறது. பாப்பா பிறந்த அன்று, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் அக்கா என்னைத்தான் சேனை வைக்கச் சொன்னாள். விரல் நுனியில் சீனித்தண்ணீர் தொட்டு பாப்பா நாக்கில் வைத்தேன். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். "என் தங்கச்சி பொறுமை வரட்டும்" என்றாள் அக்கா.

இன்று அத்தை சொன்னது: "ஒங்க ஊர்ல ஆளே கெடைக்கலயா? ஊமச்சிய விட்டுச் சேனை வச்சா பிள்ளைக்குக் காது எங்கன கேக்கும்?"

அம்மா சிரித்தாள். விளையாட்டுக்குச் சொன்னார்களாம். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்குப் பேச்சு வராது என்பதில்லை. ஆள் முன்னால் வராது, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள், நின்றுகொண்டே இருந்தேன். மறுவாரத்திலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை.

அது விரல் வழியாகப் போகுமா? போகாது. போகுமோ?

14.1.2025

பொங்கல். தீட்டு வீடு, பானை வைக்கவில்லை. தெருவில் பையன்கள் வெடி போட்டார்கள். பாப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை அசையவில்லை. தூக்கம். தூக்கமாகத்தான் இருக்கும்.

20.1.2025, திங்கள்

போகவில்லை.

மதியம் சுதாராணி அக்கா போன் போட்டார்கள். அக்கா தூங்கியதால் நான் எடுத்தேன். என்னிடமே எல்லாம் சொன்னார்கள். இரண்டாவது தடவையும் காது பதில் சொல்லவில்லையென்றால் பாப்பா வாயில் எச்சில் எடுத்து ஒரு கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பிறந்து இருபத்தொரு நாளுக்குள் எடுக்க வேண்டும். தாண்டிவிட்டால், வயிற்றிலேயே வந்ததா, பிறந்த பிறகு தொற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வயிற்றிலேயே வந்ததென்றால் மருந்து இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது. சனி, ஞாயிறு எச்சிலை மதுரைக்கு அனுப்ப ஆள் கிடையாது. அதனால் இருபத்து நான்கு, வெள்ளிக்கிழமை கடைசி.

நான் "ம்" மட்டும் சொன்னேன். அம்மா போனைப் பிடுங்கி, "வாரோம், வாரோம்" என்று வைத்துவிட்டாள்.

22.1.2025

வீட்டுக்கே வந்து எச்சில் எடுப்பார்களா என்று கேட்க நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். கூட்டம் முடிந்ததும் சுதாராணி அக்கா எட்டிப் பார்த்து, "யாரும்மா, என்ன வேணும்?" என்றார்கள்.

"சும்மா" என்றேன். வந்துவிட்டேன்.

சும்மாவா? நீ எதுக்குட்டி போன? எதுக்குப் போன?

23.1.2025

நாளை ஒரு நாள்தான்.

24.1.2025, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் அத்தையும் வந்திருந்தார்கள். அக்கா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வந்துருவோமேம்மா" என்றாள். அம்மா, "இன்னும் பத்து நாள்ல முப்பது வந்துரும்" என்றாள். அத்தை, "காத்துகருப்பு அடிச்சா எந்த டாக்டர் வருவான்?" என்றார்கள். அக்கா அழுதாள். திருப்பூரிலிருந்து அத்தான் போனில், "பெரியவிய சொல்லுதத கேளு" என்றார்.

நான் வாசல்படியில் நின்றேன். என் குரல் யாருடையதோ போல வந்தது.

"அத்தை, பாப்பா என்னைய மாதிரி ஆயிரும்னுதான பயப்படுதீங்க? ஆகக் கூடாதுன்னா இன்னைக்கே கொண்டு போவணும். இன்னைக்கு விட்டா, இவதான் சேனை வச்சான்னு சாவுற மட்டும் சொல்லிட்டே இருங்க. நான் கேட்டுக்கிடுதேன். பிள்ளைக்குத்தான் கேக்காது."

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இவளுக்கு வாய் இருக்காட்டி?" என்று அம்மாவைக் கேட்டார்கள். பிறகு எழுந்து ஒரு கொத்து வேப்பிலையும் இரும்புச் சாவியும் பையில் போட்டார்கள். "ஆட்டோவக் கூப்பிடு. நானும் வாரேன்."

பால் குடித்துத் தூங்கும்போது காது பார்த்தார்கள். இரண்டும் பதில் சொல்லவில்லை. தாய்ப்பாலிலும் அந்தக் கிருமி இருக்கலாம், அதனால் எச்சில் எடுக்க, பால் குடித்து ஒன்றரை மணி நேரம் ஆக வேண்டுமாம். பாப்பா நடுவில் விழித்துக் கத்தினாள். பால் சுரந்து அக்கா சட்டை நனைந்துவிட்டது. குடுத்துரவா என்று கண்ணால் கேட்டாள். கூடாது என்று தலையாட்டினேன். அத்தை, "பச்சப்பிள்ளயப் பட்டினி போட்டு என்ன டெஸ்ட்டோ" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்த முள் நகரவே இல்லை.

பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்துக்குள் சுழற்றி எடுத்து, குப்பியில் போட்டு மூடினார்கள். முடிந்தது.

அக்கா பால் கொடுக்கப் போனதும் சுதாராணி அக்காவிடம் சேனை வைத்ததைச் சொல்லிவிட்டேன்.

"சீனித்தண்ணி குடுத்தது தப்பு, இனிமே யாருக்கும் குடுக்காத. ஆனா இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார்கள்.

நம்ப வேண்டும்.

30.1.2025

இருக்கிறது. சைட்டோமெகலோ வைரஸ். மூன்று தடவை கேட்டு எழுதிக்கொண்டேன்.

சின்னப் பிள்ளைகள் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்குமாம். பெரியவர்களுக்கு வந்தால் சாதாரணக் காய்ச்சல் மாதிரி போய்விடும், பல பேருக்குத் தெரியவே தெரியாது. கர்ப்பத்தில் வந்தால் பிள்ளைக்கும் போகலாம். அக்கா அங்கன்வாடியில் உதவியாளர். பிள்ளைகளுக்கு ஊட்டுவதும் வாய் துடைத்துவிடுவதும்தான் வேலை. மூன்றாம் மாதத்தில் அவளுக்கு நான்கு நாள் காய்ச்சல் இருந்தது.

"அப்ப நான்தானா?" என்று அழுதாள். சுதாராணி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "யார் மேலயும் தப்பில்ல வனிதா. ஒனக்கு இத யாரும் சொன்னதும் இல்ல" என்றார்கள்.

ஒன்றை இங்கே மட்டும் எழுதுகிறேன். அக்கா அழுதபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நான் இல்லை என்ற நிம்மதி. ஒரு நிமிஷம். பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

4.2.2025

முப்பதாம் நாள். வீட்டில் சாமி கும்பிடவில்லை. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். பாப்பாவைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். வலது காது துளியும் கேட்கவில்லை. இடது காதில் கொஞ்சம் குறைவு, ஆனால் கேட்கிறது. அதுவும் பின்னால் குறையலாம், அதைக் காப்பாற்றத்தான் மருந்து. ஆறு மாதம், தினம் இரண்டு வேளை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. சாயங்காலம் முதல் வேளை கொடுத்தோம்.

அத்தை போனில்: "ஒண்ணு கேக்கும்லா? அத விட்றாதீங்க."

22.3.2025

ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டதாம். மருந்தை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் இருக்கிற காதும் போய்விடுமா? அக்காவுக்குக் கேட்கப் பயம். நானே சுதாராணி அக்காவுக்குப் போன் போட்டேன். "இது பல பிள்ளைகளுக்கு வாரதுதான், ஏறினதும் திரும்ப ஆரம்பிப்பாங்க" என்றார்கள்.

31.3.2025

ஏறிவிட்டது. மறுபடி கொடுத்தோம்.

12.8.2025

மருந்து முடிந்தது. இடது காது அப்படியே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். இதே கிருமி வந்த பிள்ளைகளின் வீட்டார் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அக்கா சேர்ந்துவிட்டாள். என் நம்பரையும் சுதாராணி அக்கா வாங்கிக்கொண்டார்கள்.

17.9.2025, புதன்

சுதாராணி அக்கா காலையில் கூப்பிட்டார்கள். கயத்தாறு பக்கம் ஒரு பிள்ளை, பிறந்து பதினேழு நாள். முப்பது கழியாமல் அனுப்ப மாட்டேன் என்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் எச்சில் எடுக்க வேண்டும். "நான் சொன்னா ஆஸ்பத்திரிக்காரின்னு நெனைக்காங்க. நீ போறியா?"

ஆபீஸில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பிள்ளையின் அப்பாவைப் பெற்ற வள்ளித்தாய் அம்மா வாசலில் நின்று, "நீ யாரு, நர்ஸா?" என்றார்கள்.

"இல்லம்மா. ஒரு பிள்ளைக்குச் சித்தி."

"எந்தப் பிள்ளைக்கு?"

எங்கள் பிள்ளைக்கு என்று ஆரம்பித்தேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பிறகு முக்காலி போட்டார்கள். பிறகு பிள்ளையின் அம்மா உள்ளிருந்து வந்து கேட்டாள். அவள் கேட்கக் கேட்க முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறார்கள்.

திரும்பும் பஸ்ஸில் "கோவில்பட்டி ஒண்ணு" என்று கேட்க வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது. விரலைக் காட்டி டிக்கெட் வாங்கினேன்.