அந்தரத்தில் நின்ற குத்து

இன்று காலை பீரோவைத் திறந்த என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "பட்டுச் சேலைக்கு நடுவுல என்ன கருவாட்டு நாத்தம்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடித்தட்டில் மடித்து வைத்திருந்த குங்ஃபூ உடுப்புதான். ஜன்னல் திரைக்கு வாங்கிய கறுப்புத் துணியில் உன் மனைவி ஸ்டெல்லா மைனி தைத்துத் தந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் உன் கடற்கரை ஊர் முட்டத்தின் வாசனை அதைவிட்டுப் போவதில்லை. மார்த்தாண்டத்தில் டயர்க் கடை வைத்திருக்கும், தொப்பை சரிந்த ஒரு மனிதனுக்கு இப்படியொரு உடுப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் உன்னைத்தான் கைகாட்ட வேண்டும். நீ இல்லை. போன ஞாயிறு அதைக் கடைசியாகப் போட்டேன். அதை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்ஃபில் படகு ஓட்டிக் களைத்து ஊர் திரும்பி, கடற்கரையில் கருவாடு காயப்போட ஒரு இடம் பிடித்து, மனிதன் அடங்கி உட்கார வேண்டிய வயதில், என் சிறுவயதுக் கூட்டாளி நீ, என் கடைக்கு வந்து நின்றாய். "மக்கா, ஒரு சண்டைப் படம் எடுக்கணும்" என்றாய். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீ கவலைப்படவில்லை. "சீனாக்காரன் கொக்கப் பாத்தான், கொரங்கப் பாத்தான், அடி படிச்சான். நமக்க கடல்ல மீனா இல்ல?" என்று கேட்டாய். அன்றைக்கே டயர் அடுக்குகளுக்கு நடுவே நண்டு நடையும் கணவாய்ச் சுழலும் சாளை மீன் துள்ளலும் பிறந்தன. நண்டு நடையில் பக்கவாட்டில் வந்து என் விலாவில் குத்தினாய். கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் நிஜமாகவே வலித்தது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. யாரிடமும் வம்புக்குப் போகாத கருவாட்டு மாஸ்டர் நீ. உன் இடத்தைப் பிடுங்க வருகிறவன் நான். அவனுடைய அடியாட்களும் நானேதான், ஆளுக்கொரு ஒட்டு மீசை. மூங்கில் கம்பின் நுனியில் போனை டியூப் ரப்பரால் கட்டி மைனி படம் பிடிப்பார்கள். உன் ஊரார் கடலுக்குப் போகாத நாள் ஞாயிறு. ஆகவே தேவாலயத்தில் பூசை முடிந்ததும் முட்டத்துக் கடற்கரைப் பாறைக்கு வந்துவிடுவோம். அடிப்பது நீ, விழுவது நான். பழைய வலைகளைக் குவித்து, மேலே சாக்கு விரித்து எனக்கு மெத்தை போட்டிருந்தாய். "அடியப் பாத்தா பயம் வரணும், விழுறதப் பாத்தா சிரிப்பு வரணும். ரெண்டுல ஒண்ணு கொறஞ்சாலும் படம் நாறிப்போவும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய். நான் சிரிப்பாக விழும்வரை விடமாட்டாய்.

முதல் சண்டையில் உன் அடிகளை எல்லாம் தை மாதத்தில் எடுத்தோம். நான் முதல் தடவை விழுந்தபோதே கணுக்கால் பிசகிவிட்டது. அது தேறி நான் மறுபடி விழ ஆனி ஆகிவிட்டது. இரண்டையும் ஒட்டி மார்த்தாண்டத்தில் போட்டுக் காட்டியபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணிலும் ஒன்றும் படவில்லை. உன் வீட்டு முற்றத்தில் போட்டபோதுதான் மானம் போயிற்று. முட்டத்துக்காரர்கள் நம் இருவரையும் பார்க்கவே இல்லை, பின்னால் கிடந்த கடலைத்தான் பார்த்தார்கள். நீ கை ஓங்கும்போது கடல் தெளிந்து நீலமாகக் கிடக்கிறது. நான் விழும்போது கலங்கி, நுரைத்து, பாறை மேல் ஏறி வருகிறது. "ஏலே, தையில அடிச்சா ஆனியிலயா விழுவான்?" என்று ஒரு பெரியவர் கேட்க, முற்றமே உருண்டு புரண்டது. மாற்றி எடுப்போம் என்று நான் சொன்னேன். நீ கேட்கவில்லை. "கெடக்கட்டு மக்கா. சில அடி ஒறைக்கதுக்கு மாசம் ஆவும்" என்றாய். வேடிக்கையாகத்தான் சொன்னாய்.

கடைசிச் சண்டைக்கு வந்தோம். மாசி மாதம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு. நீ சாளைபோலத் துள்ளி எழுந்து, வலது கையை நேராக என் முகத்துக்கு விட்டாய். அவ்வளவு அழகான குத்து உன் வாழ்நாளில் நீ விட்டதில்லை. பின்னால் கடல் மூச்சே விடாததுபோல் கிடந்தது. நான் விழவேண்டியதுதான் பாக்கி. வெளிச்சம் போய்விட்டது, அடுத்த ஞாயிறு எடுக்கலாம் என்று நீ சொன்னபோது மைனி தடுத்தார்கள். "தவக்காலத்துல கூத்தும் சிரிப்பும் வேண்டாம். பாஸ்கா முடியட்டு." ஈஸ்டருக்குப் பிறகு என்று நாம் தலையாட்டினோம். பாஸ்காவுக்கு நீ இல்லை. பங்குனி வெயிலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவன், நெஞ்சைத் தடவிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தாய். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. நான் பாறையில் நிற்கிறேன். கடலுக்கு மேலே உன் கை வருகிறது, கை மட்டும், அவசரமில்லாமல், மேகம் நகர்வதுபோல. கீழே மீன்களெல்லாம் தலை தூக்கிப் பார்க்கின்றன. எனக்குப் பயமே இல்லை. வா, வா என்று முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அது வந்துகொண்டே இருக்கும், படாது. விழித்த பிறகும் கன்னத்தைத் தடவிப் பார்ப்பேன். கடையில் ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதுகூடச் சில நேரம் அந்தக் கை எங்கே வந்திருக்கும் என்று நினைப்பு ஓடும். எத்தனையோ பேர் செத்துப் போகிறார்கள். உன்னைப்போல, அடிவாங்க ஒருவனை நிற்க வைத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்ததில்லை.

பத்து நாளுக்கு முன் மைனி போன் செய்தார்கள். "கொழுந்தனாரே, தெனமும் அந்தப் படத்தப் போட்டுப் பாக்கேன். அவருக்க கை அந்தரத்துல நிக்கி. எறங்க மாட்டேங்கி. நீங்க வந்து விழுந்து குடுங்க" என்றார்கள். வருகிறேன் என்றேன்.

போன ஞாயிறு போனேன். பாறை அப்படியே இருந்தது. மைனி வலையைக் குவித்து வைத்திருந்தார்கள், சாக்கும் விரித்திருந்தார்கள். போனைப் பிடித்துக்கொண்டு "அவரு அடிக்காரு, விழுங்க" என்றார்கள். விழுந்தேன். "செரியில்ல." மறுபடி விழுந்தேன். "அழுதுட்டு விழுறியள. யாரு சிரிப்பா?" முன்பெல்லாம் போனுக்கு வெளியே நீ நின்று கையை வீசி, "ஹேய்" என்று கத்துவாய், அந்தக் காற்று பட்டதும் உடம்பு தானாகச் சரியும். இப்போது எதிரே வெறும் வானம். வானத்திடம் அடிவாங்கி விழ எனக்குத் தெரியவில்லை. முடியாது மைனி, விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

மைனி விடவில்லை. கம்பைப் பாறை இடுக்கில் செருகி, போன் என்னைப் பார்க்கிறதா என்று குனிந்து சரிபார்த்தார்கள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்கள். வந்து நீ நிற்கும் இடத்தில் நின்றார்கள். "பாஸ்கா முடியட்டும்னு நாந்தான் சொன்னேன்" என்றார்கள். "ஒரு வாக்கு சொன்னா, அதுவர நிக்காண்டாமா ஒரு மனுசன்?" சொல்லி முடிப்பதற்குள் கை வந்துவிட்டது. நடிப்பு இல்லை. உன்மேல் இத்தனை மாதமாகத் தேக்கி வைத்த கோபம் முழுக்க என் தோள்பட்டையில் இறங்கியது. நான் பம்பரமாகச் சுற்றி, காலிரண்டும் வானத்தைப் பார்க்க, தலைகீழாக வலைக்குள் போய்ப் புதைந்தேன்.

எட்டிப் பார்த்தால், மைனி எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அடித்த கையை உதறுகிறார்கள். விரல்களில் ஊதுகிறார்கள். நாம் மார்த்தாண்டத்துத் தியேட்டரில் சிறுவயதில் பார்த்த சீனப்படத்தில் அந்த ஒல்லி நாயகன் மலைபோன்ற ஒருவனை அடித்துவிட்டு, யாரும் பார்க்காமல் திரும்பி இப்படித்தான் கையை உதறி ஊதிக்கொண்டான். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல் என் காதில், "அடிச்சவனுக்கும் வலிக்கும்லா மக்கா" என்றாய். வலைக்குள் கிடந்தபடி எனக்கு அது கேட்டது. மைனி என் கோலத்தைப் பார்த்தார்கள். பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது அவர்களுக்கு, கண்ணீரும் கூடவே வந்தது. இரண்டையும் நிறுத்த முடியாமல் பாறையில் உட்கார்ந்துவிட்டார்கள். நீ போன பிறகு அவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு காட்சியையும் ஒட்டியாகிவிட்டது. மாசியில் நீ விட்ட குத்து புரட்டாசியில் வந்து பட்டது. உன் கை இறங்கிவிட்டது, மைனியிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கனவும் வருவதில்லை. வராதது ஒரு குறையாகத்தான் இருக்கிறது. தோள்பட்டை மட்டும் இன்னும் கன்றிக் கிடக்கிறது, சட்டை மாட்டக் கை தூக்கினால் சுரீர் என்கிறது. என் மனைவி தைலத்தோடு வந்து வந்து நிற்கிறாள். நாளைக்குத் தேய்க்கலாம் என்று தினமும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.