யார்சா மாதத்து நோயாளிகள்

பாகுன் 3 (பிப்ரவரி)
நாட்டின் மருத்துவச் செலவை எவை தீர்மானிக்கின்றன என்று பத்துப் பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், இங்கே காத்மாண்டு சுகாதார அமைச்சகத்தில். மக்களின் வருமானம், முதியோர் தொகை, புதுக் கருவிகளின் விலை, தேவை. கடைசியதுதான் எல்லோருக்கும் பிடித்தது. தேவை இல்லாத இடத்தில் செலவும் இல்லை.

பாகுன் 9
ஜும்லா மலைப்பக்கத்துச் சுகாதார நிலையங்களுக்குப் போன ஜேட் (மே–ஜூன்) மாதம் அநேகமாக ஒருவரும் வரவில்லை. ஆய்வுக்குழு போனது அந்த ஒரு மாதம்தான். "தேவை குறைவு" என்று எழுதினேன். இணைச்செயலர் உப்ரேதி சார் அடிக்கோடிட்டார்.

"அந்த ஊர்க்காரரே சொல்றீங்க ரொகாயாஜி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மோமோ வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

சைத் 14 (மார்ச்)
ஊரிலிருந்து அக்கா ஜௌகலா போன் செய்தாள். அவள் மருமகளுக்கு ஐந்து மாதம் கழித்து, பதௌவில் பிரசவம்.

"ஜேட்ல வழக்கம்போல யார்சா பொறுக்க மேல போயிடுவோம் தம்பி. ஊர்ல நாய்கூட இருக்காது, உனக்குத் தெரியாததா. நர்ஸம்மா பாத்துப்பாங்கங்கிற தைரியத்துலதான் இவளை விட்டுட்டுப் போறேன்."

எனக்குத் தெரியாததா.

பனி உருகியதும் வீட்டைப் பூட்டிவிட்டு மேய்ச்சல் மலைக்கு ஏறி, பொன் விலைக்கு விற்கும் அந்த யார்சாப் பூஞ்சையைத் தோண்ட மண்டியிட்டு வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடமே மூடியிருக்கும். சுகாதார நிலையத்துக்கு யார் வருவார்கள்? எப்படி மறந்தேன் — மறந்தேனா?

சைத் 15
உப்ரேதி சாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நிதித்துறைக்குப் போயாச்சே. இப்பப் போய்ப் பூஞ்சைக் கதை சொன்னா மத்த ஒன்பது பக்கத்தையும் சந்தேகப்படுவாங்க. உங்க பதவி உயர்வுக் கோப்பு வேற அங்கதான் இருக்கு."

சரி சார் என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

ஜேட் 15 (மே)
பட்ஜெட் வாசித்தார்கள். எங்கள் ஊர் நர்ஸ் பணியிடம் அதில் இல்லை.

சாவன் 2 (ஜூலை)
உயர்வு ஆணை வந்தது. அக்காவின் போனும்.

"சுகாதார நிலையத்துக் கதவுல பூட்டு தொங்குது தம்பி. காத்மாண்டுல எவனோ உக்காந்துக்கிட்டு, இந்த ஊர்ல யாருக்கும் நோயே வரலைன்னு எழுதிட்டானாம். நீதான் பெரிய ஆபீஸ்ல இருக்கியே, எவன்னு பாத்துச் சொல்லு. நாலு வார்த்தை நல்லா கேக்கணும்."

"விசாரிக்கிறேன்க்கா."

விசாரிக்கிறேனாம். த்தூ.

பதௌ 5 (ஆகஸ்ட்)
மண்சரிவில் பஸ் நின்று நின்று, அக்காவும் மருமகளும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன.

பதௌ 13
பெண் குழந்தை. கட்டில் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில், பாயில். இருவரும் பிழைத்தார்கள்.

பதௌ 19
உப்ரேதி சார் கூப்பிட்டார். "தலைநகர் ஆஸ்பத்திரிகள்ல கூட்டம் தாங்கல. இங்க தேவை கூடிடுச்சுன்னு ஒரு பத்தி எழுதுங்க. புதுக் கட்டடம் கேக்கலாம்."

கூடிய தேவை என் முன்னறையில் தூங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

இரவு வீட்டில் உட்கார்ந்து, பத்தியை ஜேட் மாதத்திலிருந்து தொடங்கினேன்: ஊர் ஏன் பூட்டியிருந்தது, அது தெரிந்தவன் யார். என் பெயரையும் எழுதினேன். பிறகு சமையலறைக்குப் போனேன். அக்கா குழந்தைக்குக் கடுகெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சுதுக்கா."

அவள் திரும்பவில்லை. அடுப்பைத் தணித்தாள்.

"உக்காரு," என்றாள்.