முதல் தடவைக்காரர்கள்

மார்ச் 3, செவ்வாய்

வருகிறார்கள். இந்த ஊருக்கே. ஏப்ரல் 11, சனிக்கிழமை, பெரிய மைதானம்.

செய்தியை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை படிக்கும்போது, பெயிண்ட் கடையில், கலர் மிஷினில் நீலத்துக்குப் பதில் பச்சையை அழுத்திவிட்டேன். இருபது லிட்டர். யாரோ ஒருவருடைய படுக்கையறை இப்போது குளத்துப் பாசி நிறத்தில் வாளியில் கிடக்கிறது. முதலாளி வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு நீயே ஒரு பேர் வச்சு நீயே வித்துடு" என்றார். அதுவும் பாட்டாகத்தான் கேட்டது எனக்கு. மூடியை ரப்பர் சுத்தியலால் தாளம் போட்டே மூடினேன்.

போனில் எங்கள் ரசிகர் குழுவில் ஒரே அலறல்: சொந்தக்காரங்க வர்றாங்க, சொந்தக்காரங்க வர்றாங்க. பேண்டுக்கு நாங்கள் வைத்த பேர் அது. வேலை நேரத்தில் பேசினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. வீட்டில் நானும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா செய்தித்தாளை இறக்கி, அக்காவிடம், "எந்தப் பக்கத்துச் சொந்தமாம்?" என்று கேட்டார். நான் மூன்றாவது செமஸ்டரில் காலேஜை விட்டதிலிருந்து அப்பா என்னோடு அக்கா வழியாகத்தான் பேசுகிறார். அக்கா, "டிரம்ஸ் அடிக்கிற பக்கம்" என்றாள்.

மார்ச் 4, புதன்

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் பாதி. மீதிப் பாதி வேறு.

யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு சாட்சி. வாரம் ஒருவர், தான் நேரில் பார்த்த ஷோவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எந்த வீடியோவிலும் இல்லாத விஷயமாக இருக்க வேண்டும். பதினாலு மாதம் முன்பு என் முறை வந்தது. எனக்கு வீடியோவில் இருப்பது மட்டும்தான் தெரியும். ஏனென்றால் நான் அவர்களை நேரில் பார்த்ததே இல்லை.

அதனால் அந்த மழை ஷோவை எடுத்துக்கொண்டேன். நாலு வருஷம் முன்னால் நடந்தது, நடுவில் பதினோரு நிமிஷம் கரண்ட் போனது. வீடியோவில் வெறும் இருட்டு. வசதியாகப் போயிற்று. இருட்டில் பாடகி மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தாள், காலை ஆட்டிக்கொண்டே முன்வரிசையிடம் மணி என்ன என்று கேட்டாள் – இதுதான் நான் சொன்னது. அவ்வளவு சின்னப் பொய். உண்மையில் அன்றைக்கு நான் வீட்டில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

குழு உருகிவிட்டது. மூன்று பேர் தங்களுக்கும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். செக்கர் அக்கா – ரயிலில் டிக்கெட் பரிசோதகர், குழுவில் எல்லோருக்கும் அக்கா – ஒரு படி மேலே போனார். "மணி சொன்னதே நான்தான்டீ. எட்டு நாப்பது."

ஒரு வாரம் எனக்கே குழப்பமாகிவிட்டது. ஒருவேளை நடந்திருக்குமோ?

மார்ச் 8, ஞாயிறு

குழுவை நடத்தும் பல் டாக்டர் எனக்குப் பொறுப்பு கொடுத்திருக்கிறார். கை வேகம், வாய் அதைவிட வேகம், அதனால் பட்டியல் நான் போட வேண்டுமாம். முதல் தடவைக்காரர்களின் பட்டியல்.

மேடைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். எங்கள் குழுவில் அந்தக் கம்பி முதல் தடவை வருபவர்களுக்குத்தான். ஏற்கெனவே பார்த்தவர்கள் எல்லாம் பின்னால் கைகோத்து நின்று, கூட்டம் நெருக்காமல் அவர்களைக் காப்பார்கள். எந்த ஊர் ஷோவிலும் இதை மீறியதில்லை.

பதினேழு பேர். அழகான கையெழுத்தில் எழுதினேன். என் பேர் இல்லை.

சிரிப்பு வருது. அழுகையும் வருது. பொய் சொல்லாம இருந்திருந்தா பதினெட்டாவது ஆள் நான்தானே. எவளாவது இப்படித் தன் கையாலேயே தனக்குக் கதவைச் சாத்துவாளா?

மார்ச் 9, திங்கள்

குழுவில் இருக்கும் ரெட்டையரில் ஒருவன் மணிக்கட்டில் '8:40' என்று பச்சை குத்திப் படம் போட்டிருக்கிறான். என் பொய், இப்போது ஒருத்தன் தோலில்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் மருத்துவமனை ஷிப்ட் முடிந்து வந்து, காலை வெந்நீரில் விட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டாள். பிறகு பக்கெட் தண்ணீர் சிந்தும் அளவுக்குச் சிரித்தாள்.

"கம்பி வேணும்னா ஒத்துக்கோ. வேணாம்னா மூடிட்டுப் பின்னாடி நில்லு. ரெண்டும் வேணும்னா எப்படி?"

கம்பிக்காக இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது. டைப்பிங் வகுப்பு பாதியில், காலேஜ் பாதியில், கார் ஓட்டப் போனது ரெண்டு வாரம். நான் பதினாலு மாதம் ஒழுங்காக இருந்த ஒரே இடம் இந்தக் குழுதான். ஒத்துக்கொண்டால் துரத்துவார்கள். அதோடு, ஒத்துக்கொண்டால் மணி சொன்னதாகச் சொன்ன செக்கர் அக்காவும் மாட்டுவார்.

மார்ச் 22, ஞாயிறு

செக்கர் அக்காவுக்கு இன்று இந்த ஊர் வழியாகப் போகும் வண்டியில் வேலை. வண்டி ஆறு நிமிஷம் நிற்கும். பிளாட்பாரத்துக்கு ஓடினேன். கறுப்புக் கோட்டும் பேனாவுமாக வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். எனக்கு எடுத்து வைத்திருந்த டிக்கெட்டைக் கையில் திணித்தார்.

"நீயும் நானும் சேர்ந்து நிக்கணும்டீ. அந்த இருட்டுல அவகிட்ட பேசுற தூரத்துல இருந்தது நாம ரெண்டு பேருதானே."

கன்னத்தைக் கிள்ளினார். வண்டி போய்விட்டது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு போர்ட்டர், வண்டியைத் தவறவிட்டாயா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொன்னேன். இன்னொரு பொய். பழகிடுச்சு.

மார்ச் 30, திங்கள்

சொல்லிட்டேன்.

மதியம், கடைக் குடோனில், பிரைமர் டப்பாக்களுக்கு நடுவில் நின்று செக்கர் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா, நான் அந்த ஷோவுக்கே வரல, மணி கேட்டது நானா அடிச்சு விட்டது. ஒரே மூச்சு. அந்தப் பக்கம் ஸ்டேஷன் அறிவிப்பு மட்டும் கேட்டது, ஏதோ வண்டி தாமதமாம். பிறகு, "ஏறணும்" என்றார். வைத்துவிட்டார்.

திட்டியிருக்கலாம்ல. ஏன் திட்டல?

ஏப்ரல் 1, புதன்

குழுவிலும் சொல்லிவிடலாம் என்று எழுதினேன். அனுப்பும் முன் தேதியைப் பார்த்தேன். அழித்துவிட்டேன். இன்றைக்குச் சொன்னால் எந்த மடையனும் நம்பமாட்டான்.

செக்கர் அக்கா பேசி ஆறு நாள் – இல்லை, ரெண்டு நாள்தான். எனக்கு ஆறு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது. வயிறு வலிக்கிறது, சிரித்து.

காலையில் செக்கர் அக்கா தன் முறை இல்லாமலேயே சாட்சி சொன்னார். அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"அந்தப் பதினோரு நிமிஷமும் நான் டாய்லெட் வரிசையில நின்னேன். கரண்ட் போனதும் உள்ள இருந்த பொண்ணு தாழ்ப்பாள் தெரியாம அழுதா. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, மேல தடவு, இடது பக்கம் தடவுன்னு சொல்லிட்டிருந்தேன். அவ வெளிய வந்து, நான் உள்ள போயி, ஓடி வந்தா கடைசிப் பாட்டு. மணி கேட்ட கதையைக் கேட்டப்போ எனக்கும் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. எடுத்துக்கிட்டேன். ஊர்ல எல்லாரையும் டிக்கெட் கேக்குறவ நான். டிக்கெட் எடுத்தும் வித்தவுட்டுல போன ஒரே ஆளும் நான்தான்."

என் பேரை இழுக்கவே இல்லை. ஒரு வார்த்தை இல்லை.

விரல் தானாகப் போனது. பாடகி மணி கேட்கவே இல்லை, நான் அந்த ஊரிலேயே இல்லை, வீட்டில் பௌதிகப் புத்தகத்தை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன் – அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அரை மணி நேரம் தொடவில்லை. எடுத்தபோது நூற்றுப் பன்னிரண்டு செய்திகள்.

எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்!

கேக் கடைக்காரர் மெதுவான பாட்டுக்குத் தேம்பி அழுதது காதலில் இல்லையாம், மிளகாய்ப்பொடிக் கையோடு கண்ணைத் தேய்த்ததில். ரெட்டையரில் ஒருவன்தான் எப்போதும் உள்ளே போயிருக்கிறான், மற்றவன் வெளியே பைக்குக்குக் காவல். எவன் போனான் என்று இப்போது குழுவிலேயே அடித்துக்கொள்கிறார்கள். மேடையிலிருந்து விழுந்த, கிட்டார் மீட்டும் வில்லை என்று பல் டாக்டர் தன் கிளினிக்கில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது ஒரு சட்டைப் பொத்தான். நாலு ஓட்டை இருக்கிறதாம். "ரெண்டு வருஷமா நோயாளி ஒருத்தரும் கேக்கல, வாயைத் திறந்துட்டே இருந்ததால" என்று எழுதியிருக்கிறார்.

பச்சை குத்தியவன் மட்டும் கடுப்பில் இருந்தான். "இதை இப்ப எங்க போய் அழிக்கிறது?" செக்கர் அக்கா பதில் போட்டார்: "எட்டு நாப்பதுக்கு நான் வரிசையில நின்னது சத்தியமான உண்மை. வச்சுக்கோ."

கடைசியில் டாக்டர் என்னிடம், பட்டியலைத் திறக்கச் சொன்னார். "பதினெட்டுன்னு போட்டு உன் பேரை எழுது. கையெழுத்து சுத்தமா இருக்கணும்."

சுத்தமாக வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

கிளம்புகிறேன். அப்பா அக்காவிடம் சொன்னார்: "முடியறவரைக்கும் இருப்பாளான்னு கேளு." அக்கா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவையே பார்த்து, இருப்பேன் என்றேன். செய்தித்தாள் கொஞ்சம் இறங்கியது. "தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போ." நேராக. என்னிடம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

குரல் இல்லை. காது ஙொய் என்கிறது. வயிற்றில் கம்பி பதிந்த கோடு, குறுக்கே, நீலமாக. கடையில் கேட்டால் ஷேடு நம்பர் சொல்வேன்.

பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டு பேரில் கடைசி ஆளாக, இடது ஓரத்தில். முதல் டிரம் அடி காதில் விழவில்லை, முட்டியில் விழுந்தது. யாரும் இதைச் சொல்லவே இல்லையே எனக்கு. பின்னால் செக்கர் அக்காவின் கை என் ரெண்டு பக்கமும் கம்பியில். ஒரு தடவை கூட்டம் அலை மாதிரி வந்தது, "தள்ளாதீங்க, எறங்குற எடம் இன்னும் வரல" என்று வேலைக் குரலில் அதட்டினார். ஆயிரம் பேர் கேட்டார்கள்.

நாலாவது பாட்டு. பாடகி வாயை முழுசாகத் திறந்து இழுக்கிறாள், ஒரு பூச்சி, நல்ல பெரிய பூச்சி, விளக்கிலிருந்து நேராக உள்ளே போனது. வீடியோவில் அரை நொடி நிற்கிறாள், அவ்வளவுதான். நாங்கள் பதினெட்டு பேர் அவள் கண்ணைப் பார்த்தோம். துப்பலாமா, முழுங்கலாமா என்று அந்தக் கண் கணக்குப் போட்டது. முழுங்கினாள். அடுத்த வரியை ஒரு இழை பிசகாமல் எடுத்தாள். நான் அலறியதில் முன்னால் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார்.

இன்றைக்குச் சாட்சி என் முறை. தட்டுகிறேன், கை நிற்கவில்லை.

ஜூன் 20, சனி

பக்கத்து ஊர் ஷோ. எனக்குப் பின்வரிசை.

என் கைகளுக்குள் நின்ற முதல் தடவைக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஆறடிக்கு மேல், அதன்மேல் தொப்பி. ரெண்டு மணி நேரத்தில் கிட்டார்காரரின் இடது முழங்கை மட்டும் அவ்வப்போது தெரிந்தது. முதுகில் பத்துப் பேர் கனம், கை மரத்துவிட்டது, தபால்காரரின் பிடரி முடி நட்டுக்கொண்டு நின்றது.

நடுவில் ஒரு தடவை அவர் திரும்பினார், முகமெல்லாம் ஈரம்.

"உனக்குத் தெரியுதாம்மா?"

"சூப்பரா தெரியுது அங்கிள். நீங்க முன்னாடி பாருங்க."