மீன் சூப்புக்கு இரண்டு வரிசை

1973 ஜூலை 12
எங்கள் விதைப் பண்ணை இயக்குநர் போதோக் என் இனிப்பு மிளகாய் விதைப் பாத்தியை ஒட்டி இரண்டு வரிசை உருண்டைக் கார மிளகாய் வைத்திருக்கிறார். புடாபெஸ்ட்டிலிருந்து வரும் அதிகாரிகளுக்கு மீன் சூப் கொடுக்க வேண்டுமாம், மிளகாய் அப்போது பறித்ததாக இருக்க வேண்டுமாம். இரண்டும் பூத்துவிட்டன. தேனீக்கள் அதிலிருந்து இதற்குப் போகின்றன. பிடுங்கிவிடச் சொன்னேன். “ரெண்டு வரிசைக்கா இந்தப் பாடு?” என்றார். மீசையில் சூப் எண்ணெய்.

செப்டம்பர் 20
பழம் சிவந்துவிட்டது. போதோக் எல்லார் முன்னாலும் ஒன்றைக் கடித்தார். மென்றார். “இனிப்பாத்தானே இருக்கு, எட்டெல்கா? எங்க உன் காரம்?” மீதியை என் உள்ளங்கையில் துப்பினார். எச்சிலும் விதையும்.
பலர் சிரித்தார்கள். பழத்தின் சதை தாய்ச்செடியுடையது. மகரந்தம் எங்கிருந்து வந்திருந்தாலும் இந்த வருடம் அது இனிக்கத்தான் செய்யும். தகப்பன் ஒளிந்திருப்பது விதைக்குள்ளே. அதை விதைத்தால்தான் தெரியும். காரம் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், இனிப்பை அமுக்கிவிடும். இதையெல்லாம் சொன்னேன். யார் கேட்டார்கள்?
விதை கலப்பில்லாதது என்ற தரச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வந்துவிட்டேன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

செப்டம்பர் 22
கையெழுத்துப் போட்டது என்னோடு பண்ணையில் வேலை செய்யும் யெனோ. என் புருஷன்.

1974 ஆகஸ்ட் 29
வில்மா வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம் விதையை வாங்கி நட்டவள். பழங்களை நூலில் கோத்து மாலையாகக் கொண்டு வந்திருந்தாள். “கடிச்சுப் பாருங்க.” நாலு இனித்தன. ஐந்தாவது நாக்கைச் சுட்டது. ஒன்று கலந்தாலே பொடி முழுதும் கெட்டுவிடும். ஆலை மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டதாம்.
அவள் குடும்பம் சாப்பிடுவதே இந்த மிளகாய்க் காசில்.

செப்டம்பர் 5
தப்பு வில்மாவுடையதாம். வீட்டுத் தோட்டத்துக் கார விதையை அவளே கலந்துவிட்டாள் என்று போதோக் ஆலைக்கு எழுதி அனுப்பிவிட்டார். அவள் ஒப்பந்தத்தை ரத்து செய்யப் போகிறார்கள். பக்கத்தில் நின்ற யெனோ ஆமாம் என்று தலையாட்டினான். தலையாட்டினான்! நான் தினமும் இஸ்திரி போட்ட காலருக்கு மேலே அந்தத் தலை.

அக்டோபர் 3
வில்மாவின் காரப் பழங்களிலிருந்து விதை எடுத்துக் கண்ணாடிக் கூடத்தில் விதைத்தேன். அவள் கலந்த அசல் கார விதை என்றால், பிள்ளைகள் அத்தனையும் காரமாகத்தான் வரும். எங்கள் பாத்தியில் நடந்த கலப்பு என்றால், அமுங்கியிருந்த இனிப்பு சில பிள்ளைகளில் தலைகாட்டும். நாலில் ஒன்று, சுமாராக. பொய் சொல்ல விதைக்குத் தெரியாது.

1975 ஜனவரி 18
செடிகள் பூத்துவிட்டன. யெனோ கூடத்துக்கு வந்தான், கதவைச் சாத்தினான்.
“பிடுங்கிப் போட்டுடு எட்டி. செகெட் டவுன்ல ஃபிளாட் தரேன்னு போதோக் சொல்லியிருக்கார். குளியலறையோட.”
“வில்மா?”
“அவ யாரு நமக்கு?”
அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. விலகிக்கொண்டேன். பத்து வருடம் இந்த மூச்சுக்குப் பக்கத்திலா தூங்கினேன்?

மார்ச் 9
ஒவ்வொரு செடியிலும் ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தேன். உதடு வீங்கிவிட்டது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. காரம், காரம், இனிப்பு. கீழே உட்கார்ந்துவிட்டேன். பிறகு காரம். இனிப்பு மறுபடியும். கிட்டத்தட்ட நாலில் ஒன்று.

மார்ச் 14
செடிகளைத் தொட்டியோடு வண்டியில் ஏற்றி ஆலைக் குழுவிடம் கொண்டுபோனேன். அவர்களே கடித்துப் பார்க்கட்டும் என்றேன். கடித்தார்கள்.

ஏப்ரல் 2
வில்மாவுக்கு ஒப்பந்தம் திரும்பக் கிடைத்தது. போதோக்குக்குத் தண்டனை: புடாபெஸ்ட்டில் பெரிய பதவி. தூ. உதவியாளராக யெனோவையும் கூட்டிப் போகிறார்.

ஏப்ரல் 20
நாற்றுக்கட்டுகளை வில்மா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். மேஜையில் நாலு தட்டு வைத்தாள்: அவளுக்கு, அவள் புருஷனுக்கு, எனக்கு, இன்னொன்று.
“யெனோ ஐயா பின்னால வராரா?”
“இல்ல. நான் மட்டும்தான்.”
நாலாவது தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு எனக்கு ரொட்டி நறுக்கினாள். நன்றாகச் சாப்பிட்டேன்.