எட்டு பாக்கெட்

மார்ச் 11, செவ்வாய், காலை 10.40. எட்டு பாக்கெட்.

அம்மாவுக்கு, நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். நீயும் நலமாக இல்லை என்று தெரிந்துவிட்டது, அதனால் நலம் விசாரிப்பது இத்தோடு போதும். அக்கா வீட்டில் பிள்ளை பார்க்கப் போயிருக்கும் உனக்கென்று சித்தி கட்டிக்கொடுத்த பார்சலை கூரியர் ஆபீசில் கொடுத்தேன், வெளிநாட்டுக்குப் போகிறது என்று அங்கிருந்தவர் பிரித்து ஒவ்வொன்றாக எழுதினார், குழந்தைச் சட்டை ஆறு, தொப்பி இரண்டு, அடியில் பழைய துண்டில் சுற்றி நாப்கின் எட்டு பாக்கெட். அக்காவுக்கு என்றுதான் நினைத்தேன், அந்த ஊரில் கடையே இல்லையா என்று சித்தியைக் கேட்டால் "பொம்பளைங்க சமாச்சாரம், உனக்கெதுக்குடா" என்றாள். பார்சலை அனுப்பமாட்டேன் என்று உட்கார்ந்த பிறகுதான் உண்மை வந்தது. ஜனவரியிலிருந்து உனக்கு மூன்று முறை ரத்தம் பட்டிருக்கிறதாம், கடைக்கு மாப்பிள்ளையோடுதான் போகவேண்டும், அவர் முன்னால் எப்படி வாங்குவது என்றாயாம். "உங்கம்மாவுக்கு வயசு திரும்புதுடா" என்று சித்திக்குச் சிரிப்பு வேறு.

ஐம்பத்தொன்றில் நின்றது, இப்போது உனக்கு ஐம்பத்தெட்டு. ஏழு வருடம் கழித்து வருவதற்குப் பெயர் மாதவிடாய் இல்லை. இறுக்கி மூடிய வால்வில் சொட்டு எண்ணெய் கசிந்தால் ஆலையில் நாங்கள் கம்ப்ரசரை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம், நீ தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறாய். பெண்கள் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நான் ஒருவன், நர்ஸ் "பேஷன்ட் எங்கே" என்றாள், "பொண்ணு வீட்டுல பிள்ளை பாத்துக்கிட்டிருக்காங்க" என்றேன். டாக்டர் சொன்னது இதுதான், மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஒரு சொட்டுப் பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் உள்சவ்வு மெலிந்தது, சின்னச் சதை வளர்ச்சி என்று சாதாரணமாக முடிந்துவிடும், ஆனால் பத்துப் பேரில் ஒருவருக்குப் புற்றுநோயாக இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம். ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். "ரத்தம் நின்னுடுச்சேன்னு மட்டும் விட்டுடாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னார். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுகிறாய், இதுவரை நாலு முறை. அவ்வளவு அழுகிற குழந்தையையும் யாராவது டாக்டரிடம் காட்டுங்கள்.

சமையலறைக் குழாயை மாற்றிவிட்டேன், சித்திக்கு முழங்கால் வலி தேவலை. என்றைக்குப் பட்டது, எவ்வளவு பட்டது என்று எழுதிவை, நீ சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு போ. பெற்றவளை வாழ்த்தும் வயது எனக்கில்லை, இருந்தாலும் நூறு வயது இரு.

நான் செய்யப்போவது:

1. எட்டு பாக்கெட்டும் பார்சலில் அப்படியே வரும். டாக்டரைப் பார்க்கும்வரை தேவைப்படும்.

2. அங்கே இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க முடியாதென்றால் நீ திரும்பிவரும் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றுவேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள சித்தி வருவாள், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சம்மதித்துவிட்டாள்.

3. இந்தக் காகிதம் உன் கைக்கு வர ஆறு நாள் ஆகும். இதைப் படமெடுத்து அக்காவின் போனுக்கு இப்போதே அனுப்புகிறேன். நீ இந்த வரிக்கு வரும்போது ஸ்கேன் முடிந்திருக்க வேண்டும்.

உன் மகன்