பெரியவன் பேசுகிறான்

மார்ச் 4, செவ்வாய்

கல்யாண மண்டபம் கிடைத்துவிட்டது. ஏப்ரல் 27, ஞாயிறு. அப்பா சந்தோஷத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வரை வந்து சொன்னார். அம்மா தேதியைக் கேட்கவில்லை, துடைத்த தரையைத்தான் பார்த்தாள்.

கடையில் இன்று ஒரு தாத்தாவுக்குக் காதுக் கருவி மாட்டிவிட்டேன். சத்தத்தைக் கூட்டியதும் பக்கத்தில் பாட்டி பேசியது முதல் தடவையாகக் கேட்டிருக்கிறது. "இவ இவ்வளவு நாளும் பேசிட்டேதான் இருந்தாளா?" என்று என்னிடம் கேட்டார். முதலாளியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அவர், நான் கட்டிக்கொள்ளப் போகிறவர், வந்தார். இரண்டு பேரும் அச்சகத்துக்குப் போய் அழைப்பிதழ் பார்த்தோம். எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்பார். தலைகீழாகப் பிடித்த அட்டைக்கும் அதே பதில்தான். இந்த மனுஷனுக்கு ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்லவே தெரியாதா?

அப்போது அவர் பையில் ஒரு போன் அடித்தது. எனக்குத் தெரிந்த போன் இல்லை. ஓரம் உடைந்த பழசு. முகம் மாறிவிட்டது. "ஒரு நிமிஷம்" என்று தெருவில் இறங்கிப் பேசிவிட்டு வந்தார். யாரென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது என் வழக்கம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அம்மா, எனக்கு வரப்போகும் அத்தை, மாடி அறையைத் திறந்து காட்டினார். "இது பெரியவன் ரூம். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க இங்கதான் இருக்கப் போறீங்க."

பெரியவன் என்பது அவருடைய அண்ணன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலை பார்த்த ஊரில் லாரி மோதி இறந்துபோனவர். அந்த வீட்டில் இறந்துபோனார் என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுப்பதில்லை. "பெரியவன் ஊருக்குப் போனப்புறம்" என்பார் அத்தை. அறையில் தூசி இல்லை. கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு சட்டை தொங்கியது, முழங்கை மடிப்பு அப்படியே இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போன மாதிரி.

நாங்கள் கடைக்குப் பக்கத்தில் தனியாக வீடு பார்ப்பதாகப் பேசியிருந்தோம். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். 

இன்னொன்றையும் கவனித்தேன். அத்தையும் அவரும் பேசிக்கொள்வதே இல்லை. சண்டையெல்லாம் கிடையாது. அத்தை ஏதாவது கேட்டால் "ம்", "சரி", "வேண்டாம்". அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டுதான்.

மார்ச் 15, சனி

மறுபடி அந்த போன். தையற்கடை வாசலில். இந்தத் தடவை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "சாப்பிட்டேன்... ம்... நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான் கேட்டது.

யார் என்றேன். "ஆபீஸ்" என்றார். எந்த ஆபீஸில் ஐயா சாயங்காலமானால் சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறார்கள்? நானும் ஒரு கடையில்தான் வேலை பார்க்கிறேன். மத்தியானம் பட்டினி கிடந்தால்கூட ஒருவரும் கேட்பதில்லை.

வேறு ஒருத்தி இருக்கிறாள். வேறென்ன. 

அம்மாவிடம் நேராகச் சொல்லாமல், "கட்டிக்கிட்டப்புறம் ஆள் சரியில்லேன்னு தெரிஞ்சா என்னம்மா பண்றது?" என்றேன். அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டுவிடு. கேட்காமல் கழுத்தை நீட்டாதே.

மார்ச் 22, சனி

 இன்றே எழுதி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

சாயங்காலம் அவர் வீட்டில் இருந்தேன். அவர் கூடத்தை ஒட்டிய சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை அடுப்படியில் டீ போட்டு என்னிடம் கொடுத்து, "அவனுக்குக் கொண்டுபோய்க் கொடும்மா" என்றார். நடையில் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால் அத்தையின் குரல். யாருக்கோ போன் போடுகிறார். முன்னால், சாத்திய கதவுக்குள், அந்தப் பழைய போன் அடிக்கிறது.

"பெரியவனே, சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேம்மா!" கதவுக்குள்ளிருந்து.

அது அவர் குரல் இல்லை. அவர்தான், ஆனால் அவர் குரல் இல்லை. கொஞ்சம் கனம், கொஞ்சம் வேகம், வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு. என் எதிரில் அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்தது கிடையாது. அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை கேட்டேன். முதலில் கதவு வழியாக, ஒரு நொடி கழித்து அடுப்படியிலிருந்து. உயிரோடு இருக்கிறவரும் செத்துப்போனவரும் ஒரே பேச்சைப் பேச, நடுவில் நான் டீ டம்ளரோடு நிற்கிறேன்.

வேறு ஒருத்தி இருந்திருக்கலாமே. கடவுளே, வேறு ஒருத்தியே இருந்திருக்கலாமே.

மார்ச் 23, ஞாயிறு

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை, சொல்லிவிட்டார்.

அண்ணனுடைய பொருள்களோடு போனும் வந்ததாம். காரியமெல்லாம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். அடித்திருக்கிறது. திரையில் "அம்மா" என்று இருக்கிறது. அம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறார். "அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. தாங்க முடியல. எடுத்துட்டேன். சாப்பிட்டியான்னு கேட்டாங்க. 'ம்'னேன். வேற என்ன சொல்றது? அதுவரைக்கும் கண்ணே மூடாம இருந்தவங்க அன்னிக்குத்தான் தூங்கினாங்க."

அந்த ஒரு "ம்" தினமும் வளர்ந்து இன்று இவ்வளவு பெரிதாக நிற்கிறது. பெரியவனுக்கு இப்போது அந்த ஊரில் புது வீடு இருக்கிறதாம், பக்கத்து வீட்டு நாயோடு சண்டையாம். எல்லாம் இவர் இட்டுக்கட்டியது.

"நிறுத்துங்க" என்றேன்.

"நிறுத்தினா அம்மா செத்துருவாங்க."

"நாம தனியா போனப்புறம்?"

"அங்கயும் அடிக்குமே" என்றார். ரொம்பச் சாதாரணமாக.

மார்ச் 30, ஞாயிறு

அழைப்பிதழில் பெரியவன் பெயரும் வேண்டும் என்றார் அத்தை. அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். போட்டாயிற்று. 

அதோடு விடவில்லை. சாயங்காலம் பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே என் கையில் கொடுத்தார். "பெரியவன் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

காதில் வைத்தேன். சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது.

"என்னம்மா, என் தம்பியைக் கட்டிக்கப் போறியாமே! பாவம் நீ" என்று சிரிப்பு.  அப்புறம் குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்றேன் கேளு. அவனுக்கு அந்த மாடி ரூம் வேண்டாம். அங்க போனாலே மூச்சு முட்டுது. ஆனா சொல்ல மாட்டான். அவனுக்கு வாய் வராது."

"நீங்களே சொல்லிடுங்க அத்தான்" என்றேன்.

அத்தான்! என் வாயிலிருந்துதான் வந்தது. செத்துப்போன ஒருவரை, நான் பார்த்தே இராத ஒருவரை, முறை வைத்துக் கூப்பிட்டிருக்கிறேன். அத்தை என் கன்னத்தைத் தடவினார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு முகம் கழுவினேன்.

மனசில் உள்ளதைச் சொல்ல அவருக்கு ஒரு பிணத்தின் வாய் வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் நான் யாரோடு குடும்பம் நடத்தப் போகிறேன்?

ஏப்ரல் 2, புதன்

வயதானவர்களுக்கு இலவசமாகக் காது பார்க்கிறோம் என்று பொய் சொல்லி அத்தையைக் கடைக்கு வரவழைத்தேன். காது மந்தமாக இருந்தால், இவர் குரலை அண்ணன் குரல் என்று எப்படி நம்புகிறார் என்பது புரிந்துவிடும், எனக்கும் நிம்மதி என்று நினைப்பு.

சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினேன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். குறைத்தேன், அழுத்தினார். இன்னும் குறைத்தேன், அழுத்தினார். எனக்கே கேட்காத அளவுக்குக் கொண்டுபோனேன். அழுத்தினார். இந்த வயதில் இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை.

ஹெட்போனைக் கழற்ற உள்ளே போனேன். கதவு மூடிக்கொண்டது. அந்த அறையில் மூச்சுகூடப் பெரிதாகக் கேட்கும்.

"நீ எதுக்குக் கூப்பிட்டேன்னு தெரியும்மா" என்றார். "பெத்தவளுக்குப் புள்ள குரல் தெரியாதா? முத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் அத்தை?"

"பெரியவன் போனதுலேருந்து சின்னவன் என் மூஞ்சியப் பாத்துப் பேசல. எதுக்கோ எனக்கு முன்னாடி உயிரோட நிக்கவே வெக்கப்படுறான். அந்த போன்ல மட்டுந்தான் பேசுறான், சிரிக்கிறான். நான் அடிக்கறத நிறுத்திட்டா எனக்கு அவனும் இல்ல." ஹெட்போனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "அவன்கிட்ட சொல்லிராத. உடைஞ்சுருவான்."

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. அம்மாவுக்காக மகன், மகனுக்காக அம்மா. நடுவில் ஒரு செத்த மனுஷனைச் சாகவிடாமல் இரண்டு பேரும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது கை கொடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன், பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்று அத்தை கேட்டுக்கொண்டும் சொல்லிவிட்டேன். "அம்மாவுக்குத் தெரியும். முதல் நாள்லேருந்தே தெரியும்."

கோபப்படுவார், அழுவார், எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"சாப்பிட்டேம்மா!" என்றார். அதே கனம். அதே சிரிப்பு.

அத்தைக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். இப்போது யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அப்படியானால் பேசுவது யார்?

ஏப்ரல் 11, வெள்ளி

கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்க அடுப்படி வரை போனேன். அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் எங்கே பாய் போடுவது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

அப்போது அந்த எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு. பெரியவன் எண்ணிலிருந்து. எடுத்தேன்.

"என்னம்மா, தம்பி மேல கோபமா?" சிரிப்பு. "அவன் பயந்துபோய் உக்காந்திருக்கான். நான் சொல்றேன் கேளு, அவன்..."

"வேண்டாம்" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, அப்பா எட்டிப் பார்த்தார். "எனக்கு உங்களத் தெரியாது. நான் உங்களக் கட்டிக்கப் போறதில்ல. உங்க தம்பிக்கு வாய் இருந்தா அவரப் பேசச் சொல்லுங்க. இல்லேன்னா இந்தக் கல்யாணமே வேணாம்." வைத்துவிட்டேன்.

 வீடே என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. சரி, முடிந்தது, மண்டபக்காரரிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

பிறகு அவருடைய சொந்த போனிலிருந்து அழைப்பு வந்தது. மூச்சுச் சத்தம் மட்டும். நான் காத்திருந்தேன். 

"எனக்கு... அந்த மாடி ரூம் வேண்டாம்" என்றார்.  "அந்த அழைப்பிதழும் எனக்குப் பிடிக்கல. எந்த அட்டையும் பிடிக்கல. உன்னப் பிடிச்சிருக்கு."

அழுதுகொண்டே சிரித்தேன். அந்த அட்டை எனக்கும்தான் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

நாளை. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். உட்கார்ந்து எழுத இடமில்லை.

மே 3, சனி

தனி வீடு. இரண்டு அறை, ஒரு குழாய், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இவ்வளவுதான், ஆனால் எங்களுடையது.

அந்த போனும் வந்திருக்கிறது. துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். சாயங்காலம் அடித்தது. என்னைப் பார்த்தார்.  எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசினார். என் காதுக்குத் தண்ணீர்ச் சத்தமெல்லாம் ஒரு மறைப்பா?

மே 18, ஞாயிறு

இரண்டு பேரும் அலமாரிக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. அவர் கையில் சுத்தியல். குளியலறைக்குப் போகவில்லை. என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து எடுத்தார்.

"பெரியவனே, சாப்பிட்டியாப்பா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். நான் அவர் முழங்காலில் கை வைத்தேன்.

"அம்மா, நான் சின்னவன் பேசுறேன்."

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. காலியான கடையில் கருவியைச் சோதிக்கும்போது கேட்கும் இரைச்சல் மட்டும். அப்புறம் அத்தை, ஒன்றுமே தெரியாதவர் மாதிரி, "பெரியவன் எங்கப்பா?" என்று கேட்டார்.

"அண்ணன் செத்துட்டாம்மா" என்றார் இவர். "செத்துட்டான்."

முதல் நாளிலிருந்து தெரிந்தவர்தான் அத்தை. ஆனால் இன்றுதான் சேதி வந்த மாதிரி அழுதார். வார்த்தை இல்லாத அழுகை. இவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு இவரும் அழுதார். அந்த அழுகையில் அண்ணன் குரல் இல்லை, இவருடைய கீச்சுக் குரல்தான். நானும் அழுதேன். பார்த்தே இராத அத்தானுக்காகத்தான்.

வெகுநேரம் கழித்து அத்தை மூக்கை உறிஞ்சினார். "நீ சாப்பிட்டியாடா, சின்னவனே?"

இரண்டு வருஷமாக இவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இன்னும் இல்லம்மா" என்றார்.

சுத்தியலையும் ஆணியையும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினோம். அத்தை வீட்டில் போய்த்தான் சாப்பிட்டோம்.